வேலியோரத்து இலை

லாரியை முற்றத்தில் திருப்பி நிறுத்துவதற்குள் லோசலினியின் குரல் வெளியே வந்துவிட்டது.

"இப்ப வெட்டினா ஒரு விரலோட போகும். விட்டா முழங்காலோட போகும். இதுகூடப் புரியாத மனுஷனையா கட்டிக்கிட்டேன் நான்?"

உள்ளே படுத்திருந்த அவள் புருஷன் நெமானி பதில் சொன்னான். "எங்கப்பாவும் ஒரு விரல்னுதான் போனாரு. முதல்ல விரல், அப்புறம் முழங்கால், அப்புறம் பெட்டி. நான் அக்கரை ஆஸ்பத்திரிக்கு வரலை."

"உங்கப்பா மூணு மாசம் வீட்டுல கிடந்து அழுகினப்புறம்தான் போனாரு. அதை மட்டும் சொல்ல மாட்டியே!"

நெமானியின் தோட்டம் தவேயூனித் தீவின் மலைச்சரிவில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் லாரியோடு போவேன். அவன் தோண்டிக் கழுவிக் குவித்து வைத்திருக்கும் டாலோச் சேம்பைப் புதன் விடியலில் ஏற்றிக்கொண்டு, நண்பகல் கப்பல் கிளம்புவதற்குள் துறைக்குப் போய்ச்சேர வேண்டும். பதினைந்து வருஷமாக இதுதான் நடக்கிறது. ராத்திரி அவர்களுடைய கொப்பரைக் கொட்டகையில் படுத்துக்கொள்வேன்.

அன்று குவியல் பாதிகூட இல்லை. நெமானி பாயில் மல்லாந்து கிடந்தான். வலது கால் ஒரு கோணி மூட்டைமேல் ஏறியிருந்தது. வெட்டிவிட்ட காட்டுக்கொய்யாக் கட்டையை வெறுங்காலால் மிதித்துவிட்டான். சர்க்கரை வியாதிக்காரன். சுண்டுவிரலுக்குக் கீழே, பாதத்தின் அடியில், குத்திய இடம் கறுத்துப்போயிருந்தது.

"வா மச்சான், உக்காரு. இந்தக் காலை வெட்டணுமாம். உன் லாரியில ஏத்திட்டுப் போயி அக்லாந்துல வித்துடு. கிழங்கைவிட எடை அதிகமா நிக்கும்."

"அழுகின சரக்கை ஏத்த மாட்டேன்" என்றேன்.

அவன் சிரித்தான். லோசலினி சிரிக்கவில்லை. தேநீர்க் குவளையை என் முன்னால் தரையில் வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் மச்சான் மச்சான்னு கூப்பிட்டுக்கறீங்களே, அப்படிப் பார்த்தா நான் உங்களுக்குத் தங்கச்சி முறை. என்கூட நீங்க பேசவே கூடாது. தெரியுமில்ல?"

"அதான் நீங்க பேசும்போது நான் வாயைத் திறக்கறதில்லையே."

"திறங்க. நர்ஸம்மா பத்து நாள்னு சொல்லிட்டுப் போயிருக்கு. அதுக்குள்ள கறுப்பு நிக்கலைன்னா அக்கரை ஆஸ்பத்திரிதான். மருந்துப் பொடி, மாத்திரை எல்லாம் குடுத்துச்சு. இந்த மனுஷன் மாத்திரையைத் தூக்கி வெளியில எறிஞ்சுட்டான். ஏன்னு கேளுங்க. அவங்க அக்கா இலை குடுக்கறாளாம்."

"சர்க்கரை மாத்திரையை எறியலையே" என்றான் நெமானி.

"அதையும் எறி. முழுசாச் செத்துப் போ."

அக்கா என்றால் கெலேரா. புருஷன் செத்தபின் ஒரு தகரப்பெட்டியோடு பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தவள். வேலிக்கு அந்தப்பக்கம், கூப்பிடு தூரத்தில், தகப்பன் கட்டிக்கொடுத்த தகர வீட்டில் இருந்தாள். வேலியோரமாக ஐந்தடி அகலத்துக்கு அவள் களையைத் தொடவிடுவதில்லை. ஒரே மழைக்குள் மரத்தின் உச்சிக்கு ஏறிவிடும் வாம்போசுதூக் கொடி, வெள்ளாட்டு நாற்றம் அடிக்கிற ஊதாப்பூச் செடி, அம்மான் பச்சரிசி, வல்லாரை எல்லாம் அங்கே ஆளுயரத்துக்குப் பின்னிக்கிடந்தன. கத்திக் காயம் என்றால் கொடியின் இலை. வயிறு பிடித்துக்கொண்டால் இன்னொன்று. மூச்சிரைப்புக்கு இன்னொன்று. கீழூர்களிலிருந்து ஆட்கள், இங்கே மரியாதைக்கும் மன்னிப்புக்கும் முன்னால் வைக்கிற யங்கோனா வேரைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அவள் காசு வாங்கமாட்டாள்.

அந்தக் களையின் விதைதான் காற்றில் பறந்து லோசலினியின் டாலோவுக்குள் முளைக்கும். அவள்தான் வெயிலில் குனிந்து பிடுங்குவாள். பன்னிரண்டு வருஷப் பகை அது.

"அவளுக்கு அது மருந்துத் தோட்டம். எனக்கு முதுகுவலி. அந்த முதுகுவலிக்கு இலை கேட்டா, மனசு சரியில்லாதவங்களுக்கு இலை பிடிக்காதுங்கறா."

அக்காவும் தம்பியும் பேசமாட்டார்கள். அது பகை இல்லை, மரியாதை. ஏழெட்டு வயதுக்குமேல் கூடப்பிறந்த ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் பேசுவது, தொடுவது, ஒரே பாயில் உட்காருவது இங்கே கிடையாது. வைத்தியம் செய்கிற கையே தம்பியின் காலைத் தொடக்கூடாது. அதனால் கெலேரா சூரியன் எழுமுன் இலை பறிப்பாள். பறிக்கத் தொடங்கியதிலிருந்து மென்று துப்பும்வரை யாரோடும் பேசமாட்டாள். வாயில் போட்டு மென்று கூழாக்கி, வாழையிலையில் பொதிந்து வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டுப் போவாள். எடுத்து வந்து காலில் கட்டவேண்டியது லோசலினி.

"அவ எச்சிலை நான் என் கையால எடுத்து வச்சுக் கட்டணும். பாருங்க என் விதியை" என்றாள்.

அடுத்த செவ்வாய் நான் போனபோது மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. நெமானி உட்கார்ந்து கோணி தைத்துக்கொண்டிருந்தான். காலில் வீக்கம் வடிந்திருந்தது.

"கறுப்பு நின்னுடுச்சு மச்சான். நர்ஸே வந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. என்ன சொல்லும்? இலை முன்னால நிக்குமா அந்தப் பொடி?"

லோசலினி தேங்காய்ப் பாலில் டாலோக் கீரை வேகவைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி சட்டியில் இடித்த இடியில் எனக்கே காது வலித்தது.

விடியலில் கிழங்கு ஏற்றும்போது அவள் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். நடந்துகொண்டே சொன்னாள்.

"ஒருத்தர்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு வெடிச்சிடும். இலையை நான் வைக்கறதே இல்லை."

"என்னது?"

"சத்தம் போடாதீங்க. பன்னிக்குப் போட்டுடறேன். தினமும் ரெண்டு வேளை உப்புத் தண்ணி கொதிக்க வச்சுக் கழுவறேன். செத்த தோலை நகத்தால எடுக்கறேன். அந்த நாத்தம் என் கையில இருக்கு, சோறு இறங்க மாட்டேங்குது. அப்புறம் நர்ஸம்மா பொடி. துணி. துணிக்கு மேல ஒரே ஒரு இலை."

"அது எதுக்கு?"

"வாசனைக்கு. அந்த மனுஷனுக்கு மூக்குதான் கண்ணு. பாதத்துக்கு அடியில இருக்கறதைப் பார்க்கவா முடியுது? இலை வாசனை அடிச்சா அக்கா மருந்து, அவ்வளவுதான். நர்ஸம்மா மறுபடி குடுத்த மாத்திரையை இடிச்சுக் கீரையில கலந்துடறேன். நர்ஸுக்குத் தெரியும். அதான் ஒண்ணும் சொல்லாமப் போச்சு."

"இலை மேல நம்பிக்கை வச்சிருக்கான். தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்னைத் துரத்திடுவான். துரத்தட்டும். ரெண்டு காலால ஓடி வந்து துரத்தட்டும்."

மூட்டையை லாரியில் தள்ளினோம். கீழே ஒற்றையடிப் பாதையில் மூன்று பேர் நனைந்துகொண்டு கெலேரா வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் யங்கோனா வேர்.

"பார்த்தீங்களா? நெமானி காலை ஆத்தினவளாம். ரெண்டு கோவில்ல இதே பேச்சு. ஞாயித்துக்கிழமை பாதிரியார்கூட அவளைப் பார்த்துத் தலையாட்டினாரு. பீயும் சீழும் அள்ளினது நான்."

அவளுக்குக் கண் கலங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது செவ்வாய். அன்று மழை இல்லை. மலைமேல் மேகம் கனமாக உட்கார்ந்திருந்தது. நான் லாரியைவிட்டு இறங்கும்போது கெலேரா வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றாள். ஒடிசலான, உயரமான பெண். நரைத்த முடி சிலிர்த்து நின்றது. முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, வீட்டுக்குள் இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி, லோசலினியிடம் பேசினாள்.

"மதினி, காதுள்ளவங்க கேட்டுக்கட்டும். கறுப்பு போயி சிவப்பு வந்தாச்சு. நாளையிலேர்ந்து கடைசி மூணு நாள். இந்த மூணு நாளும் இலை மட்டும்தான். உப்புத் தண்ணி கூடாது. எந்த மாத்திரையும் கூடாது, சர்க்கரை மாத்திரையும் சேர்த்துத்தான். சனிக்கிழமை வயல்ல இறங்கலாம்."

வீட்டுக்குள்ளிருந்து நெமானியும் கத்தினான். "லோசா, சொல்றவங்ககிட்டச் சொல்லு, அப்படியே செய்யறேன்னு. சனிக்கிழமை மேல் வயல்ல குழி போடறேன்னு சொல்லு."

இரண்டு குரலுக்கும் நடுவில் லோசலினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன டெலிபோன் கம்பமா? சனிக்கிழமை சேத்துல இறங்கினா ஞாயித்துக்கிழமை புழு வைக்கும். மாத்திரையை நிறுத்தினா மயக்கம் போட்டு விழுவான். விழுந்தா நீங்க வந்து தூக்குவீங்களா மதினி? உங்களால தொடக்கூட முடியாது!"

"என் இலை மேல நம்பிக்கை இல்லாதவ கட்டின கட்டுலயே கறுப்பு போயிருக்குன்னா, இலை எவ்வளவு நல்லதுன்னு பாருங்க" என்றாள் கெலேரா, மலையிடம்.

"இலையா? இலை..." லோசலினி வாயை மூடிக்கொண்டாள். நெமானி கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன, நிறுத்திட்டீங்க? சொல்லுங்க."

"ஒண்ணுமில்லை."

கெலேரா தன் வீட்டுக்குப் போனாள். லோசலினி கொட்டகைக்குள் போய், களைக்கொல்லி அடிக்கிற ஸ்பிரேயரை எடுத்து வந்தாள். டப்பாவைத் திறந்ததும் வாந்தி வரவைக்கிற அந்த நாற்றம் என் முகத்தில் அடித்தது. நீலத் தண்ணீரைக் கலக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"எங்கே?" என்றேன்.

"இலை இருந்தாத்தானே இலை மட்டும் வைக்க முடியும்?"

"லோசலினி, வேண்டாம்."

"காலையில கருகிக் கிடக்கும். இலை இல்லை. வேற வழியில்லாம மாத்திரை தின்பான். நீங்க உங்க லாரியைப் பாருங்க."

வேலி நெடுக இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடித்தாள். குழாயைக் கொடியின் அடிவரை செருகி அடித்தாள். பன்னிரண்டு வருஷமாகக் குனிந்து பிடுங்கியதையெல்லாம் அன்று நிமிர்ந்து நின்று தீர்த்துக்கொண்டாள். இருட்டும்வரை அந்தக் கைப்பிடிச் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து நெமானி, "என்ன நாத்தம்? எங்கே அடிக்கறே?" என்றான். "மேல் வயல்ல" என்றாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அதை இன்றைக்கும் என்னால் நல்ல காரியம் என்று சொல்ல முடியவில்லை.

அந்த விஷம் வெயில் பட்டால்தான் சுடும். சாயங்காலம் அடித்தால் இரவெல்லாம் செடி பச்சையாகவே நிற்கும். இதை வருஷக்கணக்காக மருந்தடிக்கிற லோசலினி மறந்தது எப்படி? கோபத்தில் மறந்தாள் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். போதாததற்கு, ஊதாப்பூச் செடியின் வெள்ளாட்டு நாற்றத்துக்குள் விஷத்தின் நாற்றம் ஒளிந்துகொண்டது.

விடிகிற நேரம். முதல் மூட்டையை ஏற்றிவிட்டுத் தேநீருக்காக வாசலில் உட்கார்ந்திருந்தேன். நெமானி ஜன்னலோரம் சாய்ந்திருந்தான்.

"லோசா."

"என்ன?"

"ஸ்பிரேயர் ஏன் வேலிக்கம்பத்துல தொங்குது? மேல் வயல்லன்னே."

அவள் தேநீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"நுனியெல்லாம் துவண்டு நிக்குது. வேலியிலயா அடிச்சே? லோசா, அக்கா கையில இலை. இப்பத்தான் வீட்டுக்குள்ள போறா. வாயில போட்டு மெல்லப் போறா. போடி! போய்ச் சொல்லு!"

லோசலினி கையில் வடிகட்டி இருந்தது. அவள் அந்தக் குவளையை நிரப்பினாள். அடுத்த குவளையையும் நிரப்பினாள். பிறகுதான் வடிகட்டியை வைத்தாள். வாசல்வரை நடந்தாள். முற்றத்தில் இறங்கியதும் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

கெலேரா தன் வாசற்படியில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. மடியில் வாழையிலை விரித்திருந்தது.

"துப்புங்க மதினி!"

கெலேரா நிமிர்ந்து பார்த்தாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"துப்புங்கன்னு சொல்றேன். விஷம் அடிச்சிருக்கேன் நேத்து. வேலி முழுக்க அடிச்சேன். துப்புங்க!"

மௌனத்தைக் கலைக்க வந்திருக்கிறாள், வைத்தியத்தைக் கெடுக்க வந்திருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். கண்ணில் வெற்றி தெரிந்தது. வேண்டுமென்றே இன்னும் ஒரு பிடி இலையை எடுத்து வாயில் திணித்தாள்.

"ஐயோ, பொய் சொல்லலைடி! உன் இலையை நான் ஒருநாளும் அவன் புண்ணுல வச்சதில்லை, தெரியுமா? பதினாலு நாளும் பன்னிக்குப் போட்டேன்! பொடியும் மாத்திரையும்தான் போட்டேன்! உன் மருந்தைக் கெடுக்கணும்னா இப்ப ஓடி வந்து கெடுக்க வேண்டியதே இல்லை. என்னைக்கோ கெடுத்துட்டேன்! துப்பு!"

கெலேராவின் தாடை ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக, அவளைப் பார்த்தபடியே, மறுபடி மெல்ல ஆரம்பித்தது.

"அக்கா! துப்பு!"

திரும்பிப் பார்த்தேன். நெமானி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். லோசலினி கத்தியதெல்லாம் அவன் காதிலும் விழுந்திருக்கிறது. ஐம்பதடி கருங்கல் பாதை. வந்த வழியெல்லாம் வலது பாதத்தின் தடம் சிவப்பாக இருந்தது.

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டிருக்கிறான். கெலேரா துப்பிவிட்டாள். விஷத்துக்குப் பயந்து அல்ல. துப்பிய கையோடு தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். நான் இளநீரை வெட்டி வெட்டிக் கொடுத்தேன். கொப்பளித்தாள். சுவரைப் பார்த்தபடியே கொப்பளித்தாள்.

நர்ஸம்மா வரும்போது மணி எட்டு. முதலில் கெலேராவைப் பார்த்தாள். உதடு தடித்து, நாக்கில் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பியிருந்தது. "விழுங்கினீங்களா?" என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் இல்லை என்று கெலேரா தலையாட்டினாள். "அப்பவும் இன்னைக்கே கப்பல் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றாள் நர்ஸம்மா. தம்பி ஏறக்கூடிய அதே லாரியில் தான் ஏறமாட்டேன் என்று கெலேரா கையால் காட்டினாள்.

பிறகு நெமானியின் பாதம். நர்ஸம்மா துணியை எடுத்துப் பார்த்துவிட்டு மணியைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு மணிக் கப்பல். அதை விட்டா சனிக்கிழமை. சனிக்கிழமைவரை இந்தப் பாதம் தாங்காது."

"பதினாலு நாள் நான் ஒட்ட வச்சதை ஐம்பதடியில பிச்சுட்டியே" என்றாள் லோசலினி.

நெமானி அவளைப் பார்க்கவே இல்லை. "மச்சான், இவகிட்டச் சொல்லு. இவ வாயிலேர்ந்து வர்ற எதையும் நான் கேக்கறதா இல்லை. இவ ஆக்கினதைத் தின்ன மாட்டேன். இவ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்."

"நர்ஸும்தான் சொல்லுது" என்றேன்.

"நர்ஸும் இவளும் கூட்டு. அக்கா சொல்லட்டும். அக்கா போன்னா போறேன். இருன்னா இங்கயே அழுகறேன்."

எட்டேமுக்கால். துறைக்கு இரண்டு மணி நேர வழி. நடுவில் இரண்டு ஓடை.

லோசலினி கொட்டகைக்குள் போனாள். விற்பதற்கு எடுத்துவைத்திருந்ததில் பெரிய யங்கோனா வேராகப் பார்த்து எடுத்தாள். "வாங்க" என்றாள் என்னிடம்.

"நான் எதுக்கு?"

"நான் கொண்டு போற வார்த்தையை அவன் நம்ப மாட்டான். நீங்க காதால கேட்டு வந்து சொல்லுங்க."

கெலேரா வீட்டு வாசற்படிக்குக் கீழே, மண்ணில், லோசலினி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வேரை முன்னால் வைத்தாள். கெலேரா அதைத் தொடவில்லை. உதடு இரண்டும் வீங்கி வழிந்துகொண்டிருந்தன. பேச்சு குழறியது. ஆனாலும் பேசினாள்.

"எதுக்கு இது?"

"உங்க தம்பி உங்களைக் கூப்பிட்டுட்டாரு. அந்தத் தப்புக்கு."

"அது அவன் அனுப்ப வேண்டியது. இது நீ கொண்டு வந்தது. எதுக்கு?"

லோசலினி மண்ணைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. ஒரு வார்த்தை. நீங்க சொன்னாத்தான் போவான்."

"பதினாலு நாள் என் இலையைப் பன்னிக்குப் போட்டவ, இப்ப என் வார்த்தையைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கியா?"

"ஆமா."

"இதையும் வழியில பன்னிக்குப் போட்டுட மாட்டியே?"

"அதுக்குத்தான் லாரிக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

கெலேரா சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டாள்.

"நான் போகச் சொன்னா, இலை தோத்துடுச்சுன்னு ஊர் சொல்லும். நாளைக்கு எவன் என் படி ஏறுவான்?"

"கால் போச்சுன்னாலும் அதைத்தான் சொல்லும்."

கெலேரா கொஞ்சநேரம் வேலியைப் பார்த்தாள். வெயில் ஏறியிருந்தது. கொடி முழுக்கப் பழுத்துச் சுருண்டு, வெந்நீர் ஊற்றியது போலத் தொங்கியது. திடீரென்று வேறு குரலில் கேட்டாள்.

"ஓரம் என்ன நிறம்?"

"சிவப்பு. நேத்து நல்ல சிவப்பு. இன்னைக்குக் கொஞ்சம் நீலம் ஓடுது."

"நாத்தம்?"

"இனிப்பா இருக்கு. கெட்ட இனிப்பு."

"அமுக்கினா?"

"சுண்டுவிரல் பக்கம் அமுக்கினா மெத்துனு உள்ளே போகுது. நடுவுல கிழிஞ்சிருக்கு. கிழிசலுக்குள்ள வெள்ளையா ஒண்ணு தெரியுது."

"அசையுதா?"

"அசையலை. கெட்டியா இருக்கு."

கெலேரா கண்ணை மூடிக்கொண்டாள். "எலும்பு தெரிஞ்சா இலை கிடையாது. எங்கம்மா காலத்துலேர்ந்தே கிடையாது. போகச் சொல்லு." என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கல்ல? கெலேரா சொல்றா, இன்னைக்கே போகணும், வெட்டச் சொன்னா வெட்டிக்கணும். இதையே சொல்லுங்க. கூட்டாதீங்க, குறைக்காதீங்க."

லோசலினி எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரு. என் வார்த்தை சும்மா வராது."

"விஷம் அடிச்சதுக்கு மன்னிப்புக் கேக்கணுமா? கேட்டுடறேன்."

"அது உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு வேண்டாம். கறுப்பைச் சிவப்பாக்கினது எதுன்னு ஊர் உன்னைத்தான் கேக்கும், கட்டினவ நீதான். இலைன்னு சொல்லணும். கேக்கறவங்க எல்லார்கிட்டயும். நீ சாகறவரைக்கும்."

லோசலினி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். உப்பும் வெந்நீரும் தின்று வெளுத்த விரல்கள்.

"அது பொய்" என்றாள்.

"உனக்குப் பொய் புதுசா?"

"நான் எடுத்த சீழுக்கு உனக்குப் பேரா?"

"மணி என்ன லாரிக்காரரே?" என்றாள் கெலேரா.

"ஒன்பதே கால்."

லோசலினி எழுந்தாள். "இலை" என்றாள். "இலைதான். போதுமா?"

கெலேரா வேரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நான் போய் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நெமானி எழுந்து ஒற்றைக் காலில் லாரிக்கு வந்தான். பாதிச் சேம்பை இறக்கிப் போட்டுவிட்டு அவனைப் படுக்கவைத்தோம். லோசலினி பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வழியெல்லாம் அந்தக் காலைத் தன் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கப்பலின் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தோம்.

இரண்டு விரல் போயிற்று. பாதம் நின்றது. ஐந்து வாரம் கழித்து ஒரு பக்கம் பஞ்சு வைத்த செருப்போடு நெமானி திரும்பினான். அக்காவைக் கூப்பிட்ட தப்புக்குத் பெரிய மன்னிப்புக்கு இங்கே வைக்கிற திமிங்கலப் பல் ஒன்றை அனுப்பினான். கொண்டுபோய் வைத்தவள் லோசலினி. கெலேரா வாங்கிக்கொண்டாள். அவளும் அதற்குள் வாய் ஆறி, கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்திருந்தாள். அக்காவும் தம்பியும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. நாத்தனாரும் மதினியும் பேசிக்கொண்டார்கள், தினமும், வேலியின் இரண்டு பக்கமும் நின்று. அந்தப் பேச்சை நான் இங்கே எழுத முடியாது.

வேலியோரத்தில் முதல் மழைக்கே கொடி திரும்ப முளைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் முற்றத்தில் இருந்தேன். கீழூரிலிருந்து ஒரு பெண் முழங்கையில் துணிக்கட்டோடு ஏறி வந்தாள். லோசலினி டாலோவுக்குள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இலை வைத்தியம் பண்ற வீடு எது?"

"அந்தத் தகர வீடு" என்றாள் லோசலினி, நிமிராமல்.

"உங்க வீட்டுக்காரர் காலை ஆத்தினது அந்த இலைதானாமே?"

"ஆமா. இலைதான்."

"தினமும் நீங்கதான் வச்சுக் கட்டினீங்களாம். எப்படிக்கா இருக்கும் அந்த இலை? காரமா, குளிர்ச்சியா?"

லோசலினி ஒரு கொடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, பாதையில் எறிந்தாள்.

"அதை அவகிட்டயே கேளு. எனக்கு வாசனை மட்டும்தான் தெரியும்."